கண்டெய்னர் மேல ஓலை போட்ட பந்தல்காரன்: மழைக்கு முந்தி பார்த்த வேலை

நமக்கு தொழில் பந்தல், சாமியானா, சேர், பாத்திரம் வாடகைக்கு விடுறது. ஊர் ஆறுமுகநேரி பக்கம். வீட்டுக்கு பின்னாடி 20 அடி கண்டெய்னர் ஒண்ணு கிடக்கு, அதுதான் குடோன். 2021-ல தூத்துக்குடியில செகண்ட் ஹேண்டா எடுத்தது. கதவுல ஆணி அடிச்ச தகட்டுல 2006-னு போட்டிருக்கு, அப்படின்னா பதினைஞ்சு வருஷம் கடல்ல சுத்திட்டு எங்கிட்ட வந்து படுத்திருக்கு. அதே தகட்டுல மொத்த எடை 30,480 கிலோ வரைக்கும் தாங்கும்னும் இருக்கு, நான் வைக்கிற சேரும் அண்டாவும் சேர்ந்து அதுல கால்வாசி கூட வராது, அதனால இது என்னைக்கும் கெடாதுன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. கெட்டுச்சு. கெடுத்தது நான்தான், அந்தக் கதைதான் இது.

முதல்ல ஏன் இந்த நேரத்துல வேலை பார்த்தேன்னு சொல்லிடறேன். புரட்டாசியில கல்யாணம் கிடையாது, ஆனா எங்க பக்கம் குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா இருக்கு. ஊருக்கு ஊர் தசரா செட்டு, குடில், அன்னதானம்னு சாமியானா, சேர், அண்டா, ஜமுக்காளம் எல்லாம் மொத்தமா வெளிய போயிரும். வருஷத்துல பெட்டி சுத்தமா காலியா இருக்குறது அந்த பத்து பன்னெண்டு நாள் மட்டும்தான். தசரா முடிஞ்சு ஐப்பசி பொறந்தா வடகிழக்கு மழை, அதுக்கப்புறம் கார்த்திகை வரைக்கும் பெயிண்டும் அடிக்க முடியாது வெல்டிங்கும் வைக்க முடியாது. காலி பெட்டியும் காய்ஞ்ச வானமும் ஒண்ணா கிடைக்கிறது இப்போ ஒரு தடவைதான்.

இனி ஓலை கதை.

போன வருஷம் கத்திரி வெயில்ல உள்ள கை வைக்க முடியல, பிளாஸ்டிக் சேர் எல்லாம் சூட்டுல வத்தி, உக்காந்தா கால் விரியுற மாதிரி ஆகிருச்சு. நம்மதான் பந்தல்காரனாச்சே, ஓலைக்கா பஞ்சம்னு மேல ஏறி தென்னை ஓலையை மூணு அடுக்கா பரப்பி குறுக்க நெடுக்க கயிறு போட்டு கட்டிட்டேன். ரெண்டு மாசம் உள்ள அருமையா இருந்துச்சு, வர்றவங்க கிட்ட எல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். அப்புறம் மழை வந்துச்சு, ஓலை ஊறுச்சு, மழை விட்டுச்சு, ஓலை மட்டும் காயவே இல்ல. தை மாசம் வரைக்கும் ஈரத்தோடயே கிடந்திருக்கு, நான் ஏறி பார்க்கவும் இல்ல. இந்த புரட்டாசியில பிரிச்சா அடியில கறுப்பு மக்கு, நாலு மரவட்டை, ஒரு தேள், அதை மண்வெட்டியால வழிச்சா மக்கோட சேர்ந்து துருவும் தகடு தகடா பேந்து வருது. நல்ல வேளை கயிறு கட்டுன இடத்துல சைடு தகட்டுக்கு ஒண்ணும் ஆகல.

இது ஏன்னு வெல்டர் அண்ணாச்சி சொன்னாவ, பொறவு நானும் கொஞ்சம் படிச்சு பார்த்தேன். கண்டெய்னர் தகடு சாதா இரும்பு கிடையாது, கார்ட்டென்னு சொல்றது, செம்பு, குரோமியம் எல்லாம் கொஞ்சம் கலந்தது. இதுல முதல்ல பிடிக்கிற துருவே கெட்டியா ஒரு தோல் மாதிரி படிஞ்சு உள்ள இருக்குற இரும்பை காப்பாத்தும். ஆனா அந்த தோல் உருவாகணும்னா நனையணும், அப்புறம் நல்லா காயணும், மறுபடி நனையணும். எப்பவும் ஈரமாவே இருந்தா அந்த தோல் பிடிக்காது, சாதா இரும்பு மாதிரி தின்னுக்கிட்டே போகும். உப்புக் காத்துலயும் அதே கதைதான். எங்க வீட்டுல இருந்து பார்த்தா உப்பளம் தெரியும். ஏற்கனவே உப்பு காத்து, அது மேல ஈர ஓலை போர்வை, வேற என்ன வேணும். கப்பல்ல போறப்போ கூட இவ்வளவு மோசமா இருந்திருக்காது, அங்க மேல விழுந்த தண்ணி ஓடிரும், நடுநடுவுல டிப்போவுல, அதாவது கண்டெய்னர் யார்டுல, போட்டு கழுவி பெயிண்ட் வைப்பாங்க. சும்மா ஒரே இடத்துல கிடக்குறதுதான் இந்த பெட்டிக்கு ஆகாத வாழ்க்கை.

முதல் நாள் வேலை, ஓட்டை கண்டுபிடிக்கிறது. உள்ள போய் கதவை சாத்திக்கிட்டு இருட்டுல நின்னு எங்க வெளிச்சம் வருதுன்னு பார்க்கணும், டிப்போவுலயும் இப்படித்தான் பார்ப்பாங்க. கேக்க லேசா இருக்கும். நான் உள்ள போயி, எங்கிட்ட வேலை பார்க்குற பயலை கதவை சாத்துலேன்னு சொன்னேன், அவனும் சாத்துனவன் பழக்க தோஷத்துல கம்பியை திருகி பூட்டுற வரைக்கும் மாட்டிட்டு டீ குடிக்க போயிட்டான். இந்த கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது தெரியும்ல, நாலு பூட்டு கம்பியும் வெளியதான். போன் எடுத்தா டவர் இல்ல, சுத்தி இரும்பு. மணி பதினொண்ணு, உள்ள சூடு ஏறுது, நான் சேர் காலால சுவத்துல தட்டுறேன், வீட்டுக்குள்ள மிக்ஸி ஓடுது போல யாருக்கும் கேக்கல. கால் மணி நேரம் கழிச்சு அவன் வந்து திறந்துட்டு "என்ன அண்ணாச்சி இப்படி வேர்த்துருக்கு"ங்கான். அன்னைக்கு அவன் வாங்குன ஏச்சு தெரு பூரா கேட்டிருக்கும்.

அதனால யாரும் செஞ்சா கம்பியை பூட்டவே விடாதீங்க. நான் மறுநாள் இடது கதவை மட்டும் பூட்டிட்டு, வலது கதவுல கயிறு கட்டி அதை உள்ள இருந்து இழுத்து பிடிச்சுக்கிட்டு, இடுக்குல சாக்கு சொருகி வச்சு பார்த்தேன். அதுவே போதும். கண்ணு இருட்டுக்கு பழக ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அவசரப்பட்டா சின்ன ஓட்டை தெரியாது. நேரமும் முக்கியம், வெயில் உச்சியில இருக்கப்போ பார்த்தாத்தான் மேல்தகட்டு ஓட்டை தெரியும்.

மேல பதினொரு புள்ளி, கதவு அடியில விரல்கடை நீளத்துக்கு ஒரு கீத்து, பின் சுவர் ஓரத்துல ரெண்டு. உள்ள இருந்து சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டேன், ஆனா மேல ஏறுனா எது எங்கன்னு தெரியாதே, அதுக்கு எங்க வீட்டுக்காரி ஒரு யோசனை சொன்னா. விளக்கமாறுல இருந்து ஈர்க்குச்சி உருவி ஒவ்வொரு ஓட்டையிலயும் உள்ள இருந்து சொருகி விட்டா வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்ல. பதினொரு ஈர்க்குச்சி மேல நட்டுக்கிட்டு நின்னுச்சு. அதுல ஒன்பது ஒரே பள்ளத்துக்குள்ள.

அந்த பள்ளம் பெட்டி வாங்குறப்பவே இருந்தது. துறைமுகத்துல கிரேன்ல தூக்கி வைக்கிறப்போ மேல இருக்குற பெட்டியோட மூலை இடிச்சு மேல்தகடு குழிஞ்சு போறது சகஜம், கண்டெய்னர்ல மூலை நாலும்தான் பலம், கனம் முழுக்க அந்த நாலு தூண் வழியாத்தான் இறங்குது, மேல்தகடு வெறும் 2 மி.மீ. கனம். சைடு சுவர் இன்னும் மெல்லிசு, பெரும்பாலும் 1.6 மி.மீ. தான், அந்த மடிப்பு மடிப்பா இருக்குறதாலதான் நிக்குது. அதனாலதான் மேல நடக்குறப்போ நடுவுல காலை வைக்காம ஓரமா, மடிப்பு மேலயா பலகை போட்டு நடக்கணும். மேல்தகட்டுல லேசா வாட்டம் இருக்கும், தண்ணி தானா ஓடிரும். குழி விழுந்த இடத்துல மட்டும் நிக்கும். வாங்குறப்போ எடுத்துக் கொடுத்தவரு "அது சும்மா நசுங்கல், தண்ணி உள்ள வராது"ன்னாரு, உண்மைதான் அன்னைக்கு வரல.

ஓட்டையை அடைக்கிறதுக்கு முன்னாடி பள்ளத்தை நிமிர்த்தணும், இல்லைன்னா புதுத் தகட்டு மேலயும் தண்ணி நிக்கும். இதுக்கு நம்ம தொழில் சாமானே உதவுச்சு. தரையில அகலமா ஒரு பலகை, அது மேல லாரிக்கு போடுற பாட்டில் ஜாக்கி, அது மேல நல்ல கனமான சவுக்குக் கம்பு, கம்புக்கும் மேல்தகட்டுக்கும் நடுவுல ஒரு வேங்கைக் கட்டை. மெதுவா பம்ப் பண்ண பண்ண தகடு முனகிக்கிட்டே மேல போகுது. ஒரு கட்டத்துல டமார்னு பெரிய சத்தம், நான் ஒடைஞ்சுதான் போச்சுன்னு வெளிய ஓடி வந்துட்டேன், பார்த்தா தகடு வெளிப்பக்கம் புடைச்சு அதோட பழைய வளைவுக்கு வந்துருச்சு. ஒரே இடத்துல தூக்காம ஒரு அடி தள்ளி தள்ளி நாலு இடத்துல வச்சு தூக்குனேன். முழுசா சரியாகல, ஆனா ஒரு சொம்பு தண்ணி ஊத்தி பார்த்தா ஓடுது. கம்பு வழுக்குனா ஆளை அடிச்சு போட்டுரும், அதனால கம்பை கயிறு போட்டு சுவர்ல இருக்குற வளையத்துல கட்டிட்டுதான் பம்ப் பண்ணேன், உள்சுவர்ல மேலயும் கீழயும் சரக்கு கட்டுறதுக்குன்னே சின்ன சின்ன வளையம் இருக்கும்.

அடுத்து துரு சுரண்டுறது. நாலு இஞ்ச் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி ஓட்டுனேன், கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம், பழைய பெயிண்ட் தூசி நல்லதுக்கில்ல. மூலை முடுக்கெல்லாம் உப்புத்தாள். சுரண்ட சுரண்ட ஒன்பது புள்ளியும் சேர்ந்து மூணு பொத்தலா ஆயிருச்சு, ஒண்ணுல கை நுழையும். ஸ்க்ரூடிரைவரால குத்தி குத்தி பார்த்து நல்ல இரும்பு வர்ற வரைக்கும் போகணும், மெல்லிசா இருக்குற இடத்துல வெல்டிங் வச்சா ராடு பட்டதும் ஓட்டைதான் பெருசாகும்.

நான் முதல்ல நினைச்சது வெல்டிங்கே வேணாம், சீலன்ட் அடிச்சு அலுமினிய தகடு ஒட்டிரலாம்னுதான். வெல்டர் அண்ணாச்சி மேல ஏறி பார்த்துட்டு, "எலேய், கை நுழையுற ஓட்டைக்கு பசை போட்டா ரெண்டு மழைதான் தாங்கும். தகடு வைப்போம்லே" அப்படின்னாவ. பின் சுவர் ஓரத்துல இருந்த ரெண்டு ஊசி ஓட்டைக்கு மட்டும் பசை. மேல 2 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு வெட்டி, ஓட்டையை விட சுத்தி ரெண்டு இஞ்ச் பெருசா, வெளிப்பக்கமா வச்சு சுத்தி முழுசா பத்த வச்சாங்க. ஒரே மூச்சுல சுத்தி வராம இங்க ஒரு இஞ்ச், எதிர்ல ஒரு இஞ்ச்னு மாத்தி மாத்தி வச்சாதான் தகடு சூட்டுல கோணாது, அவரு அதை சொல்லிக்கொடுக்காமலே கை தானா போகுது, முப்பது வருஷ கை.

நான் உள்ள ஈர சாக்கை தரை பூரா விரிச்சு தண்ணி வாளியோட நின்னேன். கண்டெய்னர் தரை மரம், 28 மி.மீ. பிளைவுட், மேல இருந்து பொறி கொட்டுது. ஒரு பொறி சாக்கு இடைவெளியில விழுந்து பிளைவுட்ல புகைய ஆரம்பிச்சுது, நான் இல்லைன்னா தெரிஞ்சே இருக்காது. வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் அங்கனயே உக்காந்திருந்தேன்.

அப்புறம் எல்லாரும் மறக்குற ஒண்ணு, மேல வெல்டிங் வச்சா கீழ உள்பக்கம் அதே இடத்துல பெயிண்ட் கருகி உதிர்ந்திருக்கும். வெளிய மட்டும் அழகா பெயிண்ட் அடிச்சுட்டு உள்ள விட்டா ஒரே வருஷத்துல உள்ள இருந்து தின்னும். உள்ளயும் சுரண்டி பிரைமர் அடிச்சேன், கழுத்து போச்சு.

பெயிண்ட் அடிக்க முன்னாடி கழுவணும். 2022-ல நான் இதே பெட்டியை போர் தண்ணியில நல்லா கழுவி, காய வச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, எனாமல் அடிச்சேன், ஆறு மாசத்துல சின்னம்மை போட்ட மாதிரி கொப்புளம். பெயிண்ட் கடைக்காரரை போய் சண்டை பிடிச்சேன், பாவம் அவரு. எங்க போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு, அதுல கழுவுனா உப்பு தகட்டு மேல தங்கிரும், அது மேல பெயிண்ட் அடிச்சா அந்த உப்பு ஈரத்தை பெயிண்ட் வழியாவே உறிஞ்சி கொப்புளம் கட்டும். இந்த தடவை பைப்புல வர்ற தாமிரபரணி தண்ணியை டிரம்ல ரெண்டு நாளா பிடிச்சு வச்சு அதுல கழுவுனேன். குடிக்கிற தண்ணியில இரும்பை குளிப்பாட்டுறியான்னு வீட்டுல ஒரு வாரத்துக்கு பேச்சு.

மேலுக்கு மட்டும் ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி பிரைமர், அது மேல வெள்ளை பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். எபாக்ஸி கெட்டி, ஆனா வெயில் பட்டா வெளுத்து மாவு மாதிரி உதிரும், அதனால மேல வேற பெயிண்ட் கண்டிப்பா வேணும். மேல்தகடு கிட்டத்தட்ட 15 சதுர மீட்டர், மடிப்பையும் சேர்த்தா கொஞ்சம் கூட. எபாக்ஸி கலந்துட்டா நேரக்கணக்கு இருக்கு. நான் மொத்த டப்பாவையும் ஒண்ணா கலந்தேன், கால்வாசி அடிக்கிறதுக்குள்ள டப்பா கொதிக்க ஆரம்பிச்சு கெட்டியாகிருச்சு, அவ்வளவு காசும் டப்பாவோட கல்லா நிக்குது, இப்போ அதை கதவுக்கு முட்டுக் கொடுக்க வச்சிருக்கேன். மறுநாள் கொஞ்சம் கொஞ்சமா கலந்து அடிச்சேன். நேரம் காலையில எட்டரைக்கு மேல, பனி ஈரம் காஞ்சதும், பத்தரை வரைக்கும். அதுக்கப்புறம் தகட்டுல உள்ளங்கை வைக்க முடியாது, கை வைக்க முடியாத சூட்டுல அடிச்சா பெயிண்ட் மேலாக்க காஞ்சு உள்ள பச்சையா நிக்கும். சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சரை. சைடு சுவர்ல துரு பார்த்த இடத்துல மட்டும் ரெட் ஆக்சைடும் எனாமலும், ஒட்டு போட்ட சட்டை மாதிரி இருக்கு, இருக்கட்டும்.

நிழல் வேணும்தானே. அதுக்கு இப்போ தனியா பைப் நட்டு தகர ஷீட் போட்டிருக்கேன், பெட்டியை தொடவே இல்ல, நடுவுல ஒன்றரை அடி இடைவெளி, காத்து போகும், மழையும் மேல விழாது. பந்தல்காரனுக்கு இது முதல் நாளே தோணியிருக்கணும்.

இனி உள்ள வர்ற ஈரம். இது ஓட்டையை விட எனக்கு பெரிய நஷ்டம். போன கார்த்திகையில புது வெல்வெட் சாமியானா ரெண்டு பீஸ், மடிச்சு வச்சது அப்படியே கறுப்பு புள்ளி புள்ளியா பூஞ்சணம். மேல ஒழுகியிருக்கும்னு நினைச்சேன், ஆனா அந்த சாமியானா இருந்த இடத்துக்கு மேல ஓட்டையே இல்ல. அப்புறம்தான் ஒரு நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆர்டர் ஒண்ணுக்கு சாமான் எடுக்க திறந்தேன், டார்ச் அடிச்சா மேல்தகட்டு உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி, தலையில சொட்டுது, வெளிய மழையே இல்ல. பகல்ல உள்ள காத்து சூடாகி ஈரத்தை தூக்கி வச்சுக்குது, ராத்திரி தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் தகட்டுல படிஞ்சு சொட்டுது, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்குதுல்ல அதேதான். கப்பல் ஆளுங்க இதுக்கு கண்டெய்னர் மழைன்னே பேரு வச்சிருக்காங்க.

கணக்கு போட்டு பார்த்தேன். 20 அடி பெட்டிக்குள்ள 33 கன மீட்டர் காத்து. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் தண்ணிதான் தாங்கும், மொத்தமா ஒரு லிட்டர். அஞ்சு டிகிரி குளிர்ந்தா அதுல கால்வாசிதான் கீழ இறங்கும், கால் லிட்டர், அதுக்கு சாமியானா அழுகாது. மீதி தண்ணி எங்க இருந்து வந்துச்சு? நான்தான் கொண்டு வந்து வச்சேன். மழையில நனைஞ்ச பந்தல் துணியை "நாளைக்கு காய போட்டுக்கலாம்"னு மடிச்சு உள்ள தள்ளுறது, கழுவுன அண்டாவை கவுத்தாம அடுக்குறது, ஈர ஜமுக்காளம். ஒரு ஈர சாமியானாவை பிழிஞ்சா வாளி நிறையும், அந்த வாளி தண்ணி தினமும் பகல்ல ஆவியாகி ராத்திரி பக்கத்துல இருக்குற நல்ல துணி மேல சொட்டியிருக்கு.

இதுல இன்னொரு கூத்து, பெட்டி சுவர்ல மேல் ஓரமா சின்ன சின்னதா காத்து துவாரம் வச்சிருப்பான், பிளாஸ்டிக் மூடி மாதிரி, மழை உள்ள வராத மாதிரி மறைப்போட. அதுல குளவி கூடு கட்டுதுன்னு நான் எல்லாத்தையும் பேக்கிங் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். டேப்பை பிச்சு, கூட்டை குச்சியால நோண்டி எடுத்து, உள்பக்கமா கொசுவலை துண்டு ஒட்டிட்டேன். சின்ன துவாரம் பத்தாதுன்னு தோணுச்சு, அதனால பின் சுவர்ல மேல ஒண்ணும் கதவுப் பக்கம் சைடு சுவர்ல கீழ ஒண்ணுமா ஒரு அடி சதுரத்துக்கு வெட்டி, மழை மறைப்பு வச்ச ஜன்னல் தகடு வெல்டிங் வச்சாச்சு. சூடு மேல போய் வெளிய போகும், கீழ இருந்து புதுக்காத்து வரும். கப்பலுக்கு திரும்பப் போற பெட்டின்னா இப்படி வெட்டக்கூடாது, நம்மது போகப்போறதில்ல.

கதவு. 2023 டிசம்பர் 17, 18 எங்க பக்கம் யாரும் மறக்க முடியாது, பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. பெட்டி அன்னைக்கு நகராம நின்னதே உள்ள பாத்திரம் நிறைய இருந்ததாலதான்னு பின்னாடிதான் புரிஞ்சுது. காலி பெட்டி எடை 2,200 கிலோ வரும், அடிப்பரப்பு 15 சதுர மீட்டருக்கு கொஞ்சம் குறைவு, வகுத்து பாருங்க, அரை அடி தண்ணி சுத்தி நின்னு உள்ள புகாம இருந்தா மிதக்க ஆரம்பிச்சுரும். இப்போ நாலு மூலைக்கும் தரையில கான்கிரீட் போட்டு கொக்கி பதிச்சு சங்கிலி கட்டியிருக்கேன்.

அந்த வெள்ளத்துல கதவுப் பக்கம் வலது மூலைக்கு அடியில மண் அரிச்சு ஒரு இஞ்ச் இறங்கிருச்சு. நான் ரெண்டு வருஷமா கதவை உதைச்சு சாத்திக்கிட்டு இருந்தேன், கீல் துருன்னு நினைச்சு பயலை எண்ணெயா ஊத்தச் சொன்னேன். ட்யூப்ல தண்ணி விட்டு மட்டம் பிடிச்சு பார்த்தப்போதான் தெரிஞ்சுது, மூலை இறங்குனா கதவு சட்டமே கோணிரும், கம்பி முனையில இருக்குற கொக்கி அதோட காடியில நேரா போய் உக்காராது. பத்து டன் ஜாக்கி வச்சு மூலையை தூக்கி, கொஞ்சம் தூக்க ஒரு கட்டை, கொஞ்சம் தூக்க ஒரு கட்டைனு முட்டுக் கொடுத்துக்கிட்டே போய், கீழ ஜல்லி போட்டு கெட்டிச்சு கான்கிரீட் கட்டையில உக்கார வச்சோம். கையை மட்டும் அடியில விடக்கூடாது, எத்தனை ஜாக்கி இருந்தாலும். இறக்குனதும் கதவு ஒரு விரல்ல சாத்துது. ரெண்டு வருஷம் ஊத்துன எண்ணெய் வீண்.

வீண்னு மட்டும் சொல்ல முடியாது, கெடுதலும் கூட. பய ஊத்துனது பைக்ல இருந்து எடுத்த பழைய இன்ஜின் ஆயில், அது கதவு ஓர ரப்பர்ல வழிஞ்சு ரப்பர் ஊதி நெளிஞ்சு போச்சு. கண்டெய்னர் ரப்பருக்கு பெட்ரோல் வகை எண்ணெயே ஆகாது. அந்த வெளிச்சம் வந்த கதவு அடிக் கீத்து இதுதான். அடி ரப்பரை மட்டும் மாத்தினேன், மீதியை சோப்பு தண்ணியில துடைச்சு சிலிக்கான் ஸ்ப்ரே. கீலுக்கும் கம்பி பிடிக்கும் கிரீஸ், அதுவும் ரப்பர் பக்கம் போகாம.

தரை பிளைவுட் கதவு ஓரம் ரெண்டடி பொரிஞ்சு இருந்துச்சு, வெட்டி எடுத்து மெரைன் பிளை போட்டாச்சு. ஒண்ணு மட்டும், இந்த தரையில பூச்சி அரிக்காம மருந்து ஏத்தியிருப்பாங்க, அதனால அரிசி மூட்டையோ காய்கறியோ நேரா தரையில வைக்காதீங்க, நான் சமையல் பாத்திரத்தை கூட ரேக்குல தான் வைக்கிறேன். அறுக்கிறப்போ அந்த மரத்தூளை மூச்சுல இழுக்காதீங்க, துண்டுகளை அடுப்புக்கும் போடாதீங்க.

அடிப்பக்கம் தவழ்ந்து போய் பார்த்தேன், குறுக்கு சட்டம் பரவால்ல, மேல் துரு மட்டும். கம்பி பிரஷ் போட்டு தார் பெயிண்ட் பாதி அடிச்சேன். மீதி பாதி அடிக்கல, ஏன்னா நாலாவது சட்டத்துக்கு பக்கத்துல சுருண்டு கிடந்தது கயிறுன்னு நினைச்சு கையை நீட்டுனேன், அது கயிறு இல்ல. அதோட வெளிய வந்து சுத்தி இருந்த சீமைக்கருவேலம் எல்லாத்தையும் வெட்டித்தான் மறு வேலை.

மொத்த செலவு வெல்டிங், பெயிண்ட், தகரம், ஜன்னல் எல்லாம் சேர்த்து 31,000 ரூபா ஆச்சு, அதுல 12,000-க்கு மேல நிழலுக்கு போட்ட தகரமும் பைப்பும் தான். அந்த ஓலைக்கு நான் கொடுத்தது 900 ரூபா.

தசரா முடிஞ்ச மூணாம் நாள் சாமான் எல்லாம் திரும்ப வந்துச்சு. கடைசி லோடு வர்றப்போ வழியில தூத்தல், மூணு சாமியானா ஓரத்துல ஈரம். பய வழக்கம் போல தோள்ல போட்டுக்கிட்டு கண்டெய்னருக்குள்ள ஏறுனான், நான் "இறங்குலே"ன்னேன். இப்போ அந்த மூணும் எங்க வீட்டு ஹால்ல சோபா மேல, டிவி மேல, மாடிப்படி கைப்பிடியிலன்னு தொங்குது, ஃபேன் ஃபுல்லா ஓடுது, வீட்டுக்காரி கரண்ட் பில்லையும் கண்டெய்னர் கணக்குல எழுதச் சொல்லுறா. அடிப்பக்கம் பாதி தார் பெயிண்ட் பாக்கி இருக்கு, மார்கழியில வேலை குறையும், அப்போ டார்ச்சும் நீளமான கம்பும் வச்சுக்கிட்டு போகணும்.